குக்கர் வாங்க வந்தவர் செல்போனை நீட்டினார்: நீங்கள் எதை எங்கே வாங்குகிறீர்கள்?

தக்கலை பாத்திரக்கடை

எல்லோருக்கும் வணக்கம். தக்கலையில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை கடையில் நடந்ததைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

அழகியமண்டபம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி மகளுக்குச் சீர் சாமான் எடுக்க வந்தார். குத்துவிளக்கு, உருளி, செம்புக்குடம் எல்லாம் எடுத்தாயிற்று. குக்கர் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். ஐந்து லிட்டரில் நாலு குக்கரை மேலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாக மூடியை மாட்டிக் கழற்றிக் காட்டினேன். கேஸ்கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். கைப்பிடி ஆடுகிறதா என்று அசைத்தார். அடியைத் திருப்பித் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றைப் பிடித்துப்போய் விலை கேட்டார். 1,990 என்றேன். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார். அதே கம்பெனி, அதே மாடல், 1,749. "இந்த விலைக்குத் தருவியளா?" என்றார்.

எனக்கு டிஸ்ட்ரிபியூட்டர் போட்ட பில்லே 1,810. ஃபைலிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். வாசித்துப் பார்த்தவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "தப்பா நினைக்காத மக்கா, கல்யாணச் செலவு கையக் கடிக்குது" என்றார். விளக்கையும் உருளியையும் குடத்தையும் மட்டும் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மகளைக் கட்டிக்கொடுக்கிறவர் 241 ரூபாயை ஏன் விட வேண்டும்? என் கவலை வேறு. போன வருடம் எட்டு மாடல் குக்கர் வைத்திருந்தேன், இப்போது நாலுதான். அடுத்த வருடம் இரண்டாகிவிடும். தொட்டுத் தட்டிப் பார்க்க ஆட்கள் அப்போதும் வருவார்கள், காட்டத்தான் கடையில் சரக்கு இருக்காது.

ஆன்லைனில் வாங்கின குக்கரோடு கேஸ்கட் கேட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஐந்தாறு பேர். வெயிட் தொலைந்துவிட்டது, சேஃப்டி வால்வு போய்விட்டது, கைப்பிடித் திருகு கழன்றுவிட்டது என்று வருவார்கள். எல்லாம் சின்னத் தொகை. புதுக் குக்கர் விற்றால்தான் இந்தச் சில்லறைச் சாமானை வாங்கி அடுக்கி வைக்க எனக்குக் கட்டும்.

ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கடையில் பில் அடிக்கிற பிரிண்டரை நானே ஆன்லைனில்தான் வாங்கினேன். நாகர்கோவில் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. நீங்கள் எதை அங்கே வாங்குகிறீர்கள், எதை இங்கே வாங்குகிறீர்கள், ஏன்? மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள்.

கருங்கல் டீச்சர்

தம்பி, கேட்டதால் சொல்கிறேன், வருத்தப்படாதே.

உள்ளாடை முழுக்க நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்தக் கவுண்டரில் நிற்பது ஆண் பிள்ளைகள். அளவைச் சொல்லவே நாக்கு எழாது. கேட்ட அளவு இல்லையென்றால், "இது சரியா இருக்கும்க்கா" என்று வேறொன்றைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். பிரித்துப் பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது. பதினைந்து வருடம் அளவு தப்பின உடுப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். முதல் தடவை வீட்டில் போட்டுப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பி, சரியானது வந்த அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதியை எந்த விலைக்கும் விடமாட்டேன்.

இன்னொன்று. நாலு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு கடையில் மிக்சி வாங்கினேன். பில் கேட்டதற்கு, "டீச்சருக்கு எதுக்கு பில், நான் இருக்கேன்லா" என்றார். மூன்றாவது வாரம் மோட்டார் புகைந்தது. தூக்கிக்கொண்டு போனால் சுவரில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. நான் இருக்கேன் என்று சொன்ன மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர்க்கடை, தெரிந்த முகம் என்றெல்லாம் பேசுகிறோமே, அந்தத் தெரிந்த முகத்தால்தான் எனக்கு அன்று வலித்தது.

உன் கடை அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெரிய கம்பெனிகள் இவ்வளவு சீக்கிரம் உள்ளே வந்ததற்கு நம் கடைக்காரர்கள் திறந்துவைத்த கதவும் ஒரு காரணம்.

குவைத் குலசேகரம்

இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். அம்மா குலசேகரத்தில் தனியாக இருக்கிறாள். முட்டு தேய்ந்து நடக்க முடியாது. அவளுக்கு வாக்கர், குளியலறையில் போடுகிற நாற்காலி, சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் எல்லாம் ராத்திரி டியூட்டி இடைவேளையில் இங்கிருந்தே ஆர்டர் போடுகிறேன். மூன்றாம் நாள் வாசலில் இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா மகனிடம் கெஞ்ச வேண்டும். பலசரக்கு மட்டும் முக்குக் கடையில்தான். கடைக்கார அண்ணன் சாமானோடு வரும்போது அம்மா எழுந்து நடமாடுகிறாளா என்று பார்த்து எனக்கு வாட்ஸாப்பில் ஒரு வரி போடுவார். அதற்கு அவர் ஒரு பைசா வாங்குவதில்லை.

நாகர்கோவில் கோர்ட் பக்கம்

டீச்சர் சொன்ன போர்டைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனென்றால் அந்த போர்டுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், அப்படி நாள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். மிக்சிக்கு டீச்சர் வழக்கே போட்டிருக்கலாம்.

அதே சட்டம் ஆன்லைனுக்கும் பொருந்தும். 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் தனியாக வந்தன. விற்பவர் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் ஆனது என்பதெல்லாம் பொருளைக் காட்டுகிற இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நமக்கு இதில் பெரிய விஷயம், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

குக்கர் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். வீட்டு பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்குப் பிறகும் முத்திரை இல்லாத குக்கர்கள் ஆன்லைனில் விற்றன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் அபராதம் போட்டது. அந்தத் தளம் வழியாகப் போனவை 2,265 குக்கர்கள். அந்த விற்பனையில் தளத்துக்குக் கட்டணமாகக் கிடைத்தது 6 லட்சத்துக்கும் மேல். அதே மாதம் 598 குக்கர்களுக்காக பிளிப்கார்ட்டுக்கும் 1 லட்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அமேசானுக்குக் கிடைத்த கட்டணம் 6 லட்சம், அபராதம் 1 லட்சம். விற்றது நாங்கள் அல்ல, நாங்கள் சந்தை மட்டும்தான் என்பதுதான் அவர்கள் வாதம். வடசேரிச் சந்தையில் யாராவது கெட்டுப்போன மீனை விற்றால் சந்தைக் குத்தகைக்காரர் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

எதை எங்கே வாங்கினாலும் குக்கர் அடியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெடித்தால் முகம் போகும்.

பொருளியல் வாத்தியார்

தக்கலைத் தம்பியின் 1,810 பில்லுக்கும் 1,749 விலைக்கும் நடுவில் இருக்கிற 61 ரூபாய்தான் இந்த இழையின் மையம் என்று எனக்குப் படுகிறது. வாங்கின விலைக்கும் கீழே ஒருவரால் எப்படி விற்க முடிகிறது?

ஒரு காரணம் நேர்மையானது. கம்பெனியிடம் லட்சக்கணக்கில் ஒரே கொள்முதல். நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, கடை வாடகை இல்லை. அந்த மிச்சம் விலையில் குறைந்தால் அது நுகர்வோருக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்ல முடியாது.

மற்றக் காரணம் பணபலம். அமேசானின் இயக்க லாபத்தில் பெரும்பங்கு பல வருடங்களாகச் சில்லறை வியாபாரத்தில் வருவதில்லை. மற்ற கம்பெனிகளுக்குக் கணினி வசதியை வாடகைக்கு விடுகிற பிரிவிலிருந்து வருகிறது. பிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கியது. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து அதில் 77 சதவீதத்தை வாங்கியது. இப்படி இன்னொரு பை இருக்கிறவர்களால் ஒரு சாமானில் வருடக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்க முடியும். பாத்திரக்கடைக்கு ஒரே பைதான்.

அமெரிக்காவில் நடந்த ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டயாபர்ஸ் டாட் காம் என்று குழந்தைத் துணி, நாப்கின் விற்கிற தளம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அமேசான் அதே சாமானுக்கு விலையை 30 சதவீதம் வரை இறக்கியது. அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2010இல் அமேசானிடமே விற்றுவிட்டார்கள். 2017இல் அமேசான் அந்தத் தளத்தை மூடியது. நாப்கின் மலிவாக வாங்கிய தாய்மார்களுக்குக் கடைசியில் ஒரு கடை குறைந்தது.

நம் நாட்டில் விதி இருக்கிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள தளம் சந்தையாக மட்டும் இருக்கலாம், தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது. 2018 டிசம்பரில் அதை இறுக்கினார்கள். தளத்துக்குப் பங்கு இருக்கிற விற்பனையாளர் அங்கே விற்கக் கூடாது, விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தளம் தலையிடக் கூடாது என்றார்கள். டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்று கொடுத்த புகாரில், குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகையா என்று பார்க்க 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இரண்டு கம்பெனிகளும் நீதிமன்றம் போயின. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் விசாரணையை நிறுத்த மறுத்துவிட்டது. வழக்கு நடக்கிற வேகத்துக்கும் கடை மூடுகிற வேகத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் என் மனக்குறை.

மார்த்தாண்டம் தேன்

நான் ஆன்லைனில் சரக்கு விற்கிறவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937லிருந்து இருக்கிறது. எங்கள் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பெட்டி வைக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடுகிற தை, மாசி, பங்குனிதான் எங்களுக்கு அறுவடை. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளந்தளிரின் காம்பில் துளித் துளியாகக் கசியும். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய் நின்றால் அந்தத் துளி மினுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தளத்தில் கணக்குத் தொடங்கினேன். முதல் மாதம் டெல்லியிலிருந்தும் கவுகாத்தியிலிருந்தும் ஆர்டர் வந்தது. அம்மா நம்பவே இல்லை. களியக்காவிளை தாண்டிப் போகாத எங்கள் தேன் கவுகாத்திக்குப் போகிறது! அதை நான் மறக்கமாட்டேன். அந்தத் தளம் இல்லாமல் அது நடந்திருக்காது.

அப்புறம் கணக்குப் பார்த்தேன். அரைக் கிலோ பாட்டில் 349க்கு விற்றால் கமிஷன், அனுப்புகிற செலவு, இன்னும் இரண்டு மூன்று கட்டணம் எல்லாம் போய் என் கைக்கு 205 வந்தது. விளம்பரத்துக்குப் பணம் கட்டாவிட்டால் தேன் என்று தேடுகிறவருக்கு என் பாட்டில் நாலாவது பக்கத்தில்தான் தெரியும். நாலாவது பக்கம் வரை யார் வருகிறார்கள்? பணம் கட்டினால் முதல் பக்கம், ஆனால் 205 என்பது 150 ஆகிவிடும். வாங்குகிறவர் ஆயிரம் தேன் இருக்கிறது, நான் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்கிறார். அவர் கண்ணுக்கு முன்னால் எந்தப் பத்து வர வேண்டும் என்பது அவருக்கு முன்னாலேயே தீர்மானமாகிவிட்டது.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அது அதன் குணம். வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். வடக்கே குளிரில் உறைந்ததைப் பார்த்து மூன்று பேர் சர்க்கரைப் பாகு என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் புரிந்திருப்பார்கள். ஆனால் யார் வாங்கினார்கள் என்றே எனக்குத் தெரியாது, போன் நம்பர் தரமாட்டார்கள். நட்சத்திரம் இறங்கியது, கணக்கை ஒன்பது நாள் முடக்கினார்கள். காரணம் கேட்டு எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறாமல். ஒன்பது நாளும் ஒரு மனிதக் குரலைக்கூட நான் கேட்கவில்லை.

மார்த்தாண்டம் சந்தையில் என் பெரியப்பாவிடம் வாங்குகிறவர்களும் தேன் உறைந்துவிட்டது என்று வருவார்கள். அங்கேயே சாயாக்கடையில் வெந்நீர் வாங்கி, பாட்டிலை இறக்கி இளக்கிக் காட்டுவார். போகிறவர் இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டுதான் போவார்.

கணக்கை இன்னும் மூடவில்லை. மூட முடியாது, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அதில்தான் வருகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என் வாட்ஸாப் நம்பர் அச்சடித்த சீட்டு போடலாம் என்றால் அதற்கும் தடை.

பைக் டெலிவரி

நான் பார்சல் கொண்டு போகிறவன், குளச்சலிலிருந்து கருங்கல் வரை. நீங்கள் எல்லாம் கம்பெனி என்று பேசும்போது உங்கள் வாசலில் வந்து நிற்கிற முகம் என் முகம்தான். டிகிரி முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தேன். இந்த வேலை வந்த பிறகுதான் வீட்டில் பைசா கொடுக்கிறேன். மழையில் நனைந்தால் பார்சலுக்கு பிளாஸ்டிக் உறை இருக்கிறது, எனக்குக் கோட்டு நானே வாங்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பி வந்த பார்சலுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆர்டர் போட்டால் போனை எடுங்கள்.

அருமனை

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் ஊரில் நின்ற ரப்பர் பாதி விழுந்தது. வாழை ஒன்று மிச்சமில்லை. ரோடெல்லாம் மரம், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போன் செத்துப்போனது, ஏ.டி.எம். மூடிக் கிடந்தது. கையில் இருந்தது நாற்பது ரூபாய், வீட்டில் கைக்குழந்தை.

முக்குக் கடை அண்ணாச்சி மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு கடை திறந்தார். அரிசி, பால்பொடி, தீப்பெட்டி, எல்லாம் பற்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். விலையை ஏற்றவில்லை. வீட்டுக்கு இரண்டு மெழுகுவர்த்திக்கு மேல் யாருக்கும் தரவில்லை, எல்லோருக்கும் வர வேண்டும் என்று. அந்தப் பற்றை நான் அடைத்தது பிப்ரவரியில்.

அந்தக் கடை இப்போது இல்லை. அண்ணாச்சி போன பிறகு பிள்ளைகள் நடத்திப் பார்த்தார்கள். சோப்பு, டயாபர், எண்ணெய் என்று லாபம் இருக்கிற சாமான் எல்லாம் ஆன்லைனுக்குப் போய், கடைக்கு மிஞ்சியது உப்பும் தீப்பெட்டியும். அந்தக் கடையில் நானும் வாங்காமல்தான் இருந்தேன். அதை இங்கே மறைக்க மனம் வரவில்லை.

கருங்கல் டீச்சர்

அருமனைக்காரர் எழுதினதை இரண்டு தடவை வாசித்தேன். ஆனாலும் ஒரு கடை நமக்கு இக்கட்டில் உதவியது என்பதற்காகக் காலம் முழுக்க அங்கேயே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. பணம் இருக்கிறவருக்கு அது சுலபம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாமார் முந்திரி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களுக்கு 241 ரூபாய் சின்னப் பணமா?

என் பேத்திக்கு ஆறு மாதம். சோறு ஊட்டத் தொடங்கியாயிற்று, தினம் ஒரு மட்டிப்பழம் மசித்துக் கொடுக்கிறோம். நம் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் முதல் பழம் அதுதானே. 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் காகிதம் மாதிரி இருக்கும், பழுத்தால் ஒரு நாள் தாங்காது, எந்தப் பெட்டியில் போட்டும் அனுப்ப முடியாது. கருங்கல் சந்தையில் ஒரு பாட்டி, என் பேத்தியின் வயதைக் கேட்டு, நாளைக்கு ஒன்று, நாளன்றைக்கு ஒன்று என்று பழுக்கிற கணக்குப் பார்த்துச் சீப்பு எடுத்துத் தருகிறாள். நான் இந்த மாதம் ஆன்லைனில் ஏழு பார்சல் வாங்கியிருக்கிறேன், எண்ணிப் பார்த்தேன். அந்தப் பாட்டியிடம் பதினெட்டு தடவை போயிருக்கிறேன்.

தம்பி, என் குக்கர் ஆன்லைனில் வாங்கினது, மூன்று லிட்டர். இரண்டு வாரமாக மூடியோரம் ஆவி வருகிறது. சிரட்டைப் புட்டு அச்சும் ஒன்று வேண்டும், ஆவிக்குழாய் மேலே வைக்கிற மாதிரி. இருக்கிறதா?

தக்கலை பாத்திரக்கடை

டீச்சர், மிக்சி விஷயத்தை வாசித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கடை பில் புத்தகத்தின் அடியிலும் அந்த வரி அச்சாகியிருக்கிறது. அப்பா காலத்து அச்சு, நான் கவனித்ததே இல்லை. அச்சகத்துக்குப் போன் போட்டுவிட்டேன், அடுத்த புத்தகத்தில் அது வராது. மீதம் இருக்கும் புத்தகத்தில் பேனாவால் அடித்துக்கொண்டிருக்கிறேன். குக்கர் எடுத்தால் ஒரு வருடம் கேஸ்கட் மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு என்று எழுதி வாசலில் ஒட்டப்போகிறேன். 61 ரூபாயை என்னால் குறைக்க முடியாது. இதை முடியும்.

தேன் அண்ணே, உங்கள் பாட்டிலை என் கவுண்டரில் வைக்கலாமா? சீர் எடுக்க வருகிறவர்கள் தேனும் கேட்பார்கள். வாங்குகிறவர் நம்பரை ஒரு நோட்டில் எழுதித் தருகிறேன்.

டீச்சர், கேஸ்கட் இருக்கிறது, ஆனால் மூன்று லிட்டரில் உள்மூடி, வெளிமூடி என்று இரண்டு விதம். மூடியைக் கொண்டு வந்தால் மாட்டிப் பார்த்துத் தருகிறேன். சிரட்டைப் புட்டு அச்சு அலுமினியத்தில் ஒன்று, ஸ்டீலில் இரண்டு இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் வரை ஸ்டீல் ஒன்றை எடுத்து வைக்கிறேன்.